வீட்டிலிருந்தே இஇஜி கண்காணிப்பு வேலை: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. நான் மருத்துவமனையில் இஇஜி (மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் சோதனை) டெக்னீஷியன். தலையை அளந்து, எங்கெங்கே ஒட்டுவது என்று சொல்லும் 10-20 முறைப்படி எலக்ட்ரோடு (மின்னலையைப் பிடிக்கும் சிறு தகடு) ஒட்டுவதும் பதிவெடுப்பதும்தான் அன்றாட வேலை. இப்போது நோயாளியின் வீட்டிலேயே ஒரு நாள், சில சமயம் மூன்று நாள்கூட வீடியோவுடன் இஇஜி எடுக்கிறார்கள். அதை வேறோர் இடத்திலிருந்து கண்காணிக்கும் வேலைக்கு மாறலாமா என்று யோசிக்கிறேன்.

எனக்குத் தெரிந்தவரை, கண்காணிப்பவர் வலிப்பு போலத் தெரியும் இடங்களைக் குறித்துவைப்பார், எலக்ட்ரோடு கழன்றால் வீட்டாரைக் கூப்பிட்டுச் சரிசெய்யச் சொல்வார். நோய் இன்னதென்று சொல்வது நரம்பியல் மருத்துவர்தான். அமெரிக்காவில் 2020 முதல் உள்ள கட்டணக் குறியீட்டு விதிப்படி, தொடர் கண்காணிப்பு என்றால் ஒருவர் ஒரே நேரத்தில் 4 பேரைத்தான் பார்க்கலாம். விட்டுவிட்டுப் பார்ப்பதென்றால் 12 பேர் வரை. என்னைக் கேட்டால் 12 அதிகம்.

இந்த வேலையில் இருப்பவர்களிடம் கேட்க வேண்டியவை சில. இஇஜி டெக்னீஷியன்களுக்குத் தேர்வு வைத்துச் சான்றளிக்கும் அமெரிக்காவின் ஏப்ரெட் (ABRET) அமைப்பின் ஆர்.இஇஜி.டி. (R. EEG T.) சான்றிதழ் போதுமா, நீண்டநேரக் கண்காணிப்புக்கான சி.எல்.டி.எம். (CLTM) சான்றிதழும் கேட்கிறார்களா? வீட்டில் இருப்பவர் சாப்பிடுவார், பல் தேய்ப்பார், தலையைச் சொறிவார். அந்த அலைகள் வலிப்பு போலவே ஏமாற்றுமே, பிரித்தறிய எங்கே பழகினீர்கள்? இரவு ஷிப்ட் நிரந்தரமா?

அப்புறம், வலிப்பு வந்த நேரத்தில் வீட்டில் யாரும் போனை எடுக்காவிட்டால் என்ன செய்வீர்கள்? எனக்குப் பயமே இதில்தான். சம்பள விவரத்தைத் தனிச்செய்தியில் சொன்னாலும் சரி.