குழுவில் ஒருவர் எழுத, மற்றவர்கள் பார்த்து எழுதுகிறார்கள். என்ன செய்யலாம்?

தாமரைக்குளம்:
எட்டாம் வகுப்பு அறிவியல், 42 பேர், 45 நிமிட பீரியட், நகர்த்த முடியாத பெஞ்சு. குழுவேலை கொடுத்தால் ஒருவர் எழுதுகிறார், மற்றவர்கள் அதைப் பார்த்து எழுதுகிறார்கள். மெல்லக் கற்போர் வாயே திறப்பதில்லை. குழுவுக்குப் பொதுவாக மார்க் போட்டால் பெற்றோர் சண்டைக்கு வருகிறார்கள். அடுத்தது நுண்ணுயிரிகள் பாடம். எப்படிப் பிரிப்பது, என்ன வேலை கொடுப்பது?

கரும்பலகை:
டீச்சர், முதலில் வேலையை மாற்றுங்கள். குழுவுக்கு ஒரே தாள், ஒரே விடை என்றால் வேகமாக எழுதுகிறவரிடம் தள்ளிவிடுவதுதான் எல்லோருக்கும் சுலபம். எந்த வகுப்பிலும் அப்படித்தான் நடக்கும்.

பிரிப்பதை நண்பர்களிடம் விடாதீர்கள். போன தேர்வு மார்க்கை வைத்து 1 முதல் 42 வரை வரிசைப்படுத்துங்கள். பத்துக் குழு. முதல் பத்துப் பேருக்கு அ முதல் ஒள வரை ஏதாவது பத்து எழுத்து, அடுத்த பத்துப் பேருக்கு அதே எழுத்துகள் தலைகீழாக. 21, 22ஐ ஒதுக்கிவைத்துவிட்டு, 23லிருந்து மறுபடி நேராக, 33லிருந்து தலைகீழாக. முதல் குழுவில் 1, 20, 23, 42 வருவார்கள். கடைசிக் குழுவில் 10, 11, 32, 33. ஒதுக்கிய இருவரும் ஏதாவது இரண்டு குழுவில் ஐந்தாவது ஆள். பேசவே பேசாத இருவர் ஒரே குழுவில் விழுந்தால் கையால் மாற்றிக்கொள்ளுங்கள்.

பெஞ்சு நகர வேண்டாம். முன் பெஞ்சில் இருவர் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்தால் நால்வர் முகம் பார்த்தாயிற்று.

பாடவேளை:
இந்தப் பாடத்துக்கு ஜிக்சா முறை (துண்டுகளைச் சேர்த்துப் படமாக்கும் விளையாட்டின் பெயர்) அப்படியே பொருந்தும். 1971இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில், வெள்ளை, கறுப்பின, மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகள் புதிதாக ஒரே வகுப்பில் உட்கார்ந்தபோது உளவியலாளர் எலியட் அரோன்சன் உருவாக்கியது. ஒவ்வொருவர் கையிலும் மற்றவருக்குத் தேவையான, பாடத்தின் ஒரு துண்டு இருக்கும். அவர் பேசாமல் பாடம் முழுமையாகாது.

வைரஸ், பாக்டீரியா, பூஞ்சை, புரோட்டோசோவா என நான்கு துண்டு. ஐந்து பேர் உள்ள குழுவில் இருவருக்கு ஒரே துண்டு. ஒரே துண்டுக்காரர்கள் முதலில் ஒன்றாகக் கூடிப் படித்துவிட்டு, பிறகு சொந்தக் குழுவுக்குப் போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆனால் பத்துப் பதினொரு பேர் ஒன்றாகக் கூடினால் பாதிப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள். இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.

முதல் பீரியட்: வகுப்புக்குள் வரும்போதே சீட்டு கொடுத்துத் துண்டுவாரியாக உட்கார வையுங்கள், நடுவில் இடம் மாற வேண்டியதில்லை. 10 நிமிடம் தனியாகப் படிப்பது, 20 நிமிடம் கூடிப் பேசுவது, மீதியில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று ஒத்திகை. இரண்டாம் பீரியட்: சொந்தக் குழுவில் ஆளுக்கு 6 நிமிடம், பிறகு 15 நிமிடத் தனித்தேர்வு.

பெரிய ஆபத்து, தவறு பரவுவது. வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யும் என்று ஒருவர் புரிந்துகொண்டு போனால் ஒரு குழு முழுக்க அதையே எழுதும். அதனால் முதல் பீரியட் முடியும்முன் ஒவ்வொரு கூட்டத்திலும் மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள், தயங்குகிற பிள்ளையிடம் முதலில்.

கணக்குக்கு இது வேண்டாம். ஒரு படி அடுத்த படியைத் தாங்கும் பாடத்தைத் துண்டாக்க முடியாது.

கரும்பலகை:
மார்க் விஷயம். பதிவேட்டில் ஏறுவது தனித்தேர்வு மார்க் மட்டும். பெற்றோர் சண்டை அதோடு தீரும். குழுவுக்கு, அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் ராபர்ட் ஸ்லேவினின் முன்னேற்றப் புள்ளி. அவரவர் பழைய தேர்வுகளின் சராசரிதான் அடிப்படை, நூற்றுக்கு. அதைவிட 10க்கு மேல் குறைந்தால் 5 புள்ளி, 1 முதல் 10 வரை குறைந்தால் 10, சமம் அல்லது 10 வரை கூடினால் 20, அதற்கும் மேல் கூடினால், அல்லது முழு மார்க் வாங்கினால், 30. வழக்கமாக 40 எடுப்பவர் 52 எடுத்தால் 30 புள்ளி. 90 எடுப்பவர் 92 எடுத்தால் 20தான். மெல்லக் கற்பவருக்குச் சொல்லிக்கொடுப்பது அப்போதுதான் குழுவுக்கு லாபம். கூட்டாதீர்கள், சராசரி எடுங்கள். இல்லையென்றால் ஐந்து பேர் குழு சும்மாவே ஜெயிக்கும்.

தாமரைக்குளம்:
மிக்க நன்றி. இரண்டாம் நாள் ஒருவர் லீவு போட்டால்?

பாடவேளை:
துண்டுக்கு ஒரு பக்கக் குறிப்பு கூடுதலாக வைத்திருங்கள். ஆள் இல்லாத குழுவை, அதே துண்டு உள்ள பக்கத்துக் குழுவோடு அந்த 6 நிமிடம் மட்டும் சேர்த்து உட்கார வைத்தால் போதும். வராதவருக்கு மறுநாள் தனித்தேர்வு. அதுவரை குழுச் சராசரியை அறிவிக்காதீர்கள்.