ராத்திரியானா வீடு முழுக்க ஒரு வாசம், அத்தைக்குத் தலைவலி. டெல்லி வீட்டைக் காலி பண்ணிடலாமா?

கோவைப்பொண்ணு:
அவசரமுங்க. டெல்லிக்குக் குடி வந்து இன்னும் ஒரு மாசம் நிறையல. இப்பக் கொஞ்ச நாளா பொழுது சாஞ்சா வீட்டுக்குள்ள ஒரு வாசம் வருதுங்க. நாத்தம்னு சொல்ல முடியாது, ஆனா நெஞ்சை அடைக்குது. எங்க அத்தை தலையைப் பிடிச்சுட்டு உக்காந்துக்கறாங்க. காலையில பாத்தா ஒண்ணுமே இல்ல. ஹவுஸ் ஓனர்கிட்டச் சொன்னா "மௌசம் ஹை" (சீசன் அப்படி)ன்னு சிரிச்சுட்டுப் போறார். வீட்டுக்காரர் வேற வெளியூர்ல. கேஸ் லீக்கா? ஃபேக்டரிப் புகையா? அக்ரிமென்ட் பதினோரு மாசம், அட்வான்ஸ், புரோக்கர் காசெல்லாம் குடுத்தாச்சு. இன்னிக்கு ராத்திரி இங்க படுக்கலாமா வேண்டாமா, அதை மட்டுமாச்சும் சொல்லுங்க.

கரோல்பாக் பழசு:
பயப்படாதேம்மா. நான் வந்து இறங்கினப்போ வீட்ல ஃபோன் கிடையாது, ஊருக்குப் பேச டிரங்க் கால். மொட்டைமாடியில ஒத்தை ரூம், பர்சாத்தின்னு பேரு. முதல் குளிருக்கு ரெண்டு வேட்டியைச் சேர்த்துப் போர்த்திண்டு படுத்தவன் நான். அனுபவத்துல சொல்றேன், ரஜாயை, அதான் பஞ்சு வெச்சுத் தைச்ச போர்வையை, இப்பவே பார்த்து வாங்கிடு. தீபாவளி தாண்டினா கடைக்காரன் மனசு மாறிடும். பழைய பஞ்சு இருந்தா அடிச்சுத் தைச்சுக் குடுக்கற ஆள் தெருவுல வருவான், விடாதே.

நொய்டா நைட்ஷிஃப்ட்:
சந்தேகமே இல்ல, பயிர்த்தாள் புகை. பஞ்சாப், ஹரியானாவுல நெல் அறுத்ததும் கோதுமை விதைக்க நாள் இல்லாம தாளைக் கொளுத்திடறாங்க. ராத்திரி குளிர்ந்தா காத்து நின்னுபோய் எல்லாம் தரையோட தங்கிடும். உடனே ஏர் ப்யூரிஃபையர் வாங்குங்க. ஏக்யூஐ, அதான் காத்து மாசு அளவு, 300 தாண்டினா அத்தையை வாக்கிங் அனுப்பாதீங்க. நான் வந்த வருஷம் இருமின இருமல்ல பக்கத்து வீட்டுக்காரரே மருந்து வாங்கிட்டு வந்துட்டார்.

மயூர் விஹார் மாமி:
பாவம், அவளே பயந்துபோயிருக்கா, இன்னும் பயமுறுத்தணுமா? வருஷத்துல டெல்லி நன்னா இருக்கறதே இந்தக் கொஞ்ச நாள்தான். செப்டம்பர் கடைசியில மழை விலகிடும், வானம் அலம்பிவிட்டாப்ல நீலமா இருக்கும். நம்மூர்ல ஐப்பசி அடைமழைக்குக் கொடியில துணி காயாது, இங்க வத்தல் போட்டா ரெண்டே நாள்ல மொறுமொறுன்னு ஆயிடறது. கொலு பொம்மையைக் கட்டி உள்ள வெச்ச கையோட வெயில்ல கம்பளியை விரிச்சுட்டேன்.

சாயல்குடி ராஜா:
மாமி, மன்னிக்கணும். எந்த டெல்லி இது? தீபாவளி வரைக்கும் வேர்க்குது, மறுநாள்லேருந்து புகை. நடுவுல எங்க இருக்கு நீங்க சொல்ற காலம்? இலையுதிர்காலம்னு செவப்பு இலைப் படமா ஃபார்வர்டு பண்றாங்க. இங்க வேம்பும் அரசும் இலை கொட்டறது பிப்ரவரி, மார்ச்லதான். வருஷம் பூரா இந்த ஊர்ல கொட்டுறது என் முடி மட்டும்தான்.

நொய்டா நைட்ஷிஃப்ட்:
அதேதான் அண்ணே. இதுல நேத்து வாங்கின முருங்கைக்காயைப் பாத்தா அழுகையே வந்துடுச்சு. பென்சில் மொத்தம்கூட இல்ல.

சாயல்குடி ராஜா:
தம்பி, முருங்கைக்காயாச்சும் கிடைச்சுதே. என் ஓனர் கருவாடு பொரிச்ச அன்னிக்கே காலி பண்ணச் சொல்லிட்டான். ஆட்டோக்காரன் மீட்டர்ன்னு கேட்டா நம்மளை ஏதோ புதுப் பிராணி மாதிரி பாக்குறான்.

கரோல்பாக் பழசு:
மீட்டரா? அந்தக் காலத்துல ஆட்டோவை ஸ்கூட்டர்னுதான் சொல்லுவோம், அப்பவும் போடமாட்டான்.

துவாரகா சுமதி:
முருங்கைக்காயை விடுங்கப்பா. அந்தப் பொண்ணு ராத்திரி படுக்கலாமான்னு கேட்டுச்சே, யாராவது பதில் சொன்னீங்களா? கோவைப்பொண்ணு, முதல்ல கேஸ். வீட்ல சிலிண்டரா, குழாய் கேஸா? சிலிண்டர் கேஸ் கனம், கசிஞ்சா தரையோட படரும். குழாய் கேஸ் லேசு, மேல ஏறும். ரெண்டுலயும் அழுகின முட்டைக்கோஸ் மாதிரி ஒரு நாத்தம் வேணும்னே சேர்த்திருப்பாங்க. ரெகுலேட்டர், டியூப், அடுப்புத் திருகு எல்லாத்துலயும் சோப்புத் தண்ணி தடவிப் பாருங்க, குமிழி வந்தா லீக். அப்படி வந்தா எந்த ஸ்விட்சையும் தொடாதீங்க, வால்வை மூடி, ஜன்னலைத் திறந்து விட்டுட்டு வெளிய வந்து, சிலிண்டர்னா 1906-க்கும் குழாய் கேஸ்னா அந்தக் கம்பெனி எமர்ஜென்சி நம்பருக்கும் அடிங்க. எந்த ஏரியா, எத்தனாவது மாடி, ஜன்னலுக்கு வெளிய என்ன இருக்கு?

கோவைப்பொண்ணு:
சிலிண்டர்தானுங்கக்கா, ரெண்டாவது மாடி. சோப்புத் தண்ணி தடவிப் பாத்துட்டேன், குமிழி வரல. வெளிய ஒண்ணும் இல்லீங்க, ஒரு மரம்தான். பால்கனிக்குள்ளயே கிளை நீட்டிட்டு இருக்கு. சின்னச் சின்னதா வெளிர் பச்சையில கொத்துப் பூ, தரையெல்லாம் தூள் மாதிரி கொட்டிக் கிடக்கு. தினம் ரெண்டு தடவை கூட்டறேன். அதையும் சொல்லியிருக்கணுமாங்க?

துவாரகா சுமதி:
அதைத்தான் கண்ணு முதல்ல சொல்லியிருக்கணும்! ஒரு கிளையை இழுத்துப் பாரு. ஒரே கணுவுல குடை விரிச்ச மாதிரி அஞ்சாறு ஏழு இலை சுத்தி நிக்குதா? கிள்ளினா பால் வடியுதா?

கோவைப்பொண்ணு:
ஆமாங்கக்கா. ஒண்ணுல ஏழு, ஒண்ணுல ஆறு. கை பிசுபிசுங்குது.

துவாரகா சுமதி:
ஏழிலைப்பாலை. இந்தப் பக்கம் சப்தபர்ணிம்பாங்க. டெல்லி ரோட்டோரம் பூரா நட்டு வெச்சிருக்காங்க. அக்டோபர்ல பூக்கும், இருட்டினதும்தான் வாசம் ஏறும், அதான் காலையில உங்களுக்குத் தெரியல. ஓனர் சிரிச்சதும் இதுக்குத்தான். தெருவுல நடந்து போறப்போ அவ்வளவு நல்லா இருக்கும், இதுக்காகவே ராத்திரி ஒரு சுத்து நடந்துட்டு வர்றவங்க உண்டு. படுக்கை அறைக்குள்ள வந்தா பலருக்குத் தலைவலிதான். கையைக் கழுவுங்க, அந்தப் பாலைக் கண்ணுல வெச்சுடாதீங்க.

சாயல்குடி ராஜா:
பாலை மரத்துல யட்சி இருப்பான்னு எங்க ஆபீஸ் மலையாளத்துக்காரர் சொல்லுவாரு. ஓனரைக் கேட்டு வாடகையில பாதி குறைங்க.

மயூர் விஹார் மாமி:
சும்மா இருடா ராஜா! இந்தக் கட்டையிலதான் அந்த நாள்ல பள்ளிக்கூடத்து எழுதுபலகை பண்ணுவா. அம்மாடி, வீடெல்லாம் மாத்தாதே, தீபாவளிக்கு அப்புறம் பூ தானா அடங்கிடும். அதுவரைக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கே அந்தப் பக்க ஜன்னலைச் சாத்திடு, மாமியார் படுக்கையை எதிர்ப்பக்க ரூமுக்கு மாத்து. ஆஸ்துமா, இழுப்பு ஏதாவது உண்டா அவாளுக்கு? இருந்தா தள்ளிப்போடாம டாக்டர்கிட்டக் காமி.

அவாளை வெளிலயும் அழைச்சுண்டு போ. கார்த்தால சுந்தர் நர்சரி பார்க், இல்லேன்னா லோதி கார்டன். வழியில பவழமல்லி கொட்டியிருந்தா சுவாமிக்குப் பொறுக்கிக்கச் சொல்லு. சாயங்காலம் தள்ளுவண்டியில சர்க்கரைவள்ளிக்கிழங்கைக் கரியில சுட்டு வெச்சிருப்பான். கை சுடச்சுடத் தோலை உரிச்சு, துண்டு போட்டு, எலுமிச்சை பிழிஞ்சு, மசாலா தூவி, கூடவே நட்சத்திரப் பழம் ரெண்டு சீவி தொன்னையில குடுப்பான். நம்மாத்துல வேகவெச்சுத் தின்ன கிழங்கா இதுன்னு கேப்பார். கூடையில பச்சையா, கொம்பு வெச்சாப்ல சிங்காடான்னு குளத்துல விளையற காய் விக்கும். தோலைச் சீவிட்டு அப்படியே கடிக்கலாம், இளந்தேங்காய் பதம். கறுப்பா இருந்தா வேகவெச்சதுன்னு அர்த்தம், எனக்கு அது பிடிக்காது.

நொய்டா நைட்ஷிஃப்ட்:
புகை வர்றதுக்குள்ள சுத்திடுங்க. அதை மட்டும் நான் வாபஸ் வாங்க மாட்டேன்.

மயூர் விஹார் மாமி:
அது சரி, நானும் இல்லேங்கல. அதனாலதான் இப்பவே போகச் சொல்றேன்.

கோவைப்பொண்ணு:
இழுப்பெல்லாம் இல்லீங்க மாமி, பிரஷர் மாத்திரை மட்டும். ஜன்னலைச் சாத்திட்டேன். அத்தை இப்ப என்னடான்னா அந்தக் கிழங்கு வண்டி எங்க நிக்கும்னு கேக்கறாங்க.

துவாரகா சுமதி:
மெட்ரோ ஸ்டேஷன் வாசல்ல பாருங்க, இல்லேன்னா உங்க ஏரியா வாரச் சந்தை என்னிக்குன்னு ஓனரைக் கேளுங்க. சர்க்கரைவள்ளியை அங்க "ஷகர்கந்தி"ன்னு கேட்டா குடுப்பான். ரஜாயும் அதே சந்தையில கிடைக்கும், கையில தூக்கிப் பார்த்து வாங்குங்க. ஆனா எந்த ஏரியான்னு நீங்க இன்னும் சொல்லலையே?