ஃபென்சிங் வீடியோ தேடினா கம்பி வேலி வருது, உதவுங்க

நாமக்கல்_அப்பா:
வணக்கம். ஏழாவது படிக்கிற மகள் ஸ்கூல்ல ஃபென்சிங் (வாள் விளையாட்டு) சேர்ந்து மூணு வாரமாச்சு. வீட்ல பார்த்துப் பழக வீடியோ தேடினேன். தமிழ்ல 'ஃபென்சிங்'னு போட்டா தோட்டத்துக்குக் கம்பி வேலி, கல்லுக்கால் என்ன விலைன்னு வருது. 'வாள் சண்டை'ன்னு போட்டா சினிமா. எப்படியோ ஒரு மேட்ச் கிடைச்சுது. நடுவர் 'ஆலே' (ஆரம்பிங்க)ன்னதும் ரெண்டு பேருக்கும் விளக்கு எரியுது, ரெண்டு பேரும் கத்துறாங்க, பாயின்ட் மட்டும் ஒருத்தருக்கு. ஏம்ப்பான்னு கேக்குறா. நான் முழிக்கிறேன்.

எப்பே_பிரியன்:
எப்பேங்கிற வாள் வகை மேட்ச்ல தொடங்குங்க சார். உடம்புல எங்க குத்தினாலும் பாயின்ட். ரெண்டு பேரும் 40 மில்லி செகண்டுக்குள்ள குத்திட்டா ரெண்டு பேருக்குமே பாயின்ட், வாக்குவாதமே கிடையாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக் பெண்கள் ஃபைனல் பாருங்க. ஹாங்காங்கோட விவியன் காங் 1-7ன்னு பின்தங்கி, கடைசியில 13-12ன்னு ஜெயிச்சாங்க.

சேபர்_அக்கா:
முதல்ல, பாப்பா கையில என்ன வாள்? ஃபாயிலா, எப்பேயா, சேபரா? அது தெரியாம வீடியோ சொல்ல முடியாது.

நாமக்கல்_அப்பா:
சேபர்தான் அக்கா. முந்தாநாள் ஏதோ வீடியோவைப் பார்த்துட்டு, பின்கால் முன்கால தாண்டிப் போற மாதிரி ஓடிப் பாஞ்சிருக்கா. கோச் சத்தம் போட்டுட்டாராம்.

சேபர்_அக்கா:
போடத்தான் செய்வார். அந்தப் பாய்ச்சல் எப்பேல, ஃபாயில்ல சரி. சேபர்ல முன்னேறும்போது கால் தாண்டக்கூடாது, விதியிலேயே இருக்கு. அதனால தேடும்போது ஆங்கில எழுத்துல 'சேபர் ஃபென்சிங்'னு வாள் பேரையும் சேர்த்து அடிங்க, வேலிக்காரங்க ஓடிடுவாங்க. சர்வதேசக் கூட்டமைப்பான எஃப்.ஐ.இ-யோட யூடியூப் சேனல்ல முழு மேட்சே கிடைக்கும்.

விளக்கு விஷயம்: சேபர்ல ஒருத்தர் அடிச்சு 170 மில்லி செகண்டுக்குள்ள எதிராளியும் அடிச்சா ரெண்டு விளக்கும் எரியும். அப்போ முதல்ல அட்டாக்கை ஆரம்பிச்சவருக்குத்தான் பாயின்ட். தடுத்துட்டுத் திருப்பி அடிச்சா அட்டாக் உரிமை தடுத்தவர் பக்கம் மாறிடும். ரெண்டு பேரும் ஒண்ணா ஆரம்பிச்சிருந்தா யாருக்கும் கிடையாது.

பழக ஒரு வழி சொல்றேன். விளக்கு எரிஞ்சதும் நடுவர் கையைத் தூக்குறதுக்கு முன்னாடி வீடியோவை நிறுத்துங்க. யாருக்குன்னு பாப்பா சொல்லட்டும். அப்புறம் ஓடவிட்டு நடுவர் கை எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்க. அடுத்த தடவை அதையே கால்வாசி வேகத்துல வச்சு, திரையோட மேல்பாதியை ஒரு அட்டையால மறைச்சுக் கால மட்டும் பாருங்க. வாள் கண்ணை ஏமாத்தும்.

நம்ம சென்னை பவானி தேவி டோக்கியோ ஒலிம்பிக்ல (2021ல நடந்தது) ஆடினதும் சேபர்தான். முதல் மேட்ச் 15-3 வெற்றி. ஆனா அடுத்து பிரான்ஸோட மனோன் புரூனேகிட்ட 7-15ன்னு தோத்தாங்களே, கத்துக்க அதுதான் நல்ல மேட்ச். கிடைச்சா விடாதீங்க. வீட்ல கால்பயிற்சி மட்டும் போதும், மாஸ்க் இல்லாம குச்சி வீசவே கூடாது.

எப்பே_பிரியன்:
சேபர்னு தெரியாம சொல்லிட்டேன் சார். அக்கா சொல்றதையே கேளுங்க. (ஆனா எப்பேதான் அழகு.)

நாமக்கல்_அப்பா:
கல்யாணப் பத்திரிகை அட்டையால மறைச்சு நேத்து ராத்திரி ரெண்டு பேரும் உக்காந்தோம். பத்துக்கு நாலு சரியா சொல்லிட்டா. நான் ஒண்ணு.