34 ஆய்வாளர்கள், 19 பேராசிரியர்கள், 5 நாள்கள்: குழுக் கூட்டங்களுக்குத் தானாகவே நேரம் ஒதுக்க வழி உண்டா?

கேள்வி: துறை ஒருங்கிணைப்பாளர்

நண்பர்களுக்கு வணக்கம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைப்படி, முனைவர் பட்ட ஆய்வாளர் ஒவ்வொருவரும் பருவத்துக்கு ஒருமுறை தம் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் முன்னேற்றத்தை எடுத்துரைக்க வேண்டும். எங்கள் துறையில் 34 ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் நெறியாளர் உட்பட மூவர் கொண்ட குழு உண்டு. மொத்தம் 19 பேராசிரியர்களே இக்குழுக்களில் மாறி மாறி இடம்பெறுகிறார்கள். அவர்களில் ஒருவர் டொராண்டோவிலிருந்து காணொலி வழியாகக் கலந்துகொள்வார். கையில் இருப்பவை 2 அறைகள், 5 நாள்கள், நாளுக்கு 6 வேளைகள்.

இதுவரை வாட்ஸ்அப் குழுவில் கேட்டு, எக்செல் தாளில் நிரப்பி வந்தேன். சென்ற பருவத்தில் ஒரு பேராசிரியர் வியாழக்கிழமை வர இயலாது என்று கடைசி நேரத்தில் தெரிவித்ததால் நான்கு கூட்டங்கள் நகர்ந்தன; மாற்றம் பற்றி அறியாமல் இரவுப் பேருந்தில் வந்த பகுதிநேர ஆய்வாளர் ஒருவர் குழுவின் முன் எடுத்துரைக்காமலேயே ஊர் திரும்பினார். அது இனி யாருக்கும் நேரக்கூடாது. எங்கிருந்து தொடங்குவது?

மறுமொழி 1: நிரலாளர்

ஒரே கூட்டத்துக்குப் பொதுவான நேரம் தேடுவது எளிது. அனைவருடைய ஓய்வு வேளைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் போதும். உங்களுடையது வேறு வகை. ஒவ்வொரு கூட்டத்தையும் ஒரு புள்ளியாக வரைந்து, ஒரே பேராசிரியர் இடம்பெறும் இரு கூட்டங்களைக் கோட்டால் இணைத்தால், கோட்டின் இரு முனைகளுக்கும் ஒரே நிறம் வராமல் வண்ணம் தீட்டும் புதிராக அது மாறிவிடும். இங்கே நிறம் என்பது வேளை. இத்தகைய கால அட்டவணைச் சிக்கல் பொதுவடிவில் என்.பி. முழுமை வகையை (எல்லாச் சூழலிலும் விரைவாகத் தீர்க்கும் வழி எதுவும் அறியப்படாத வகை) சேர்ந்தது என்று 1976இலேயே ஈவன், இட்டாய், ஷமீர் ஆகிய மூவரும் நிறுவினார்கள். ஆனால் இந்தக் கூட்டம் இந்த வேளையிலா என்று 34 கூட்டங்களுக்கும் 30 வேளைகளுக்கும் கேட்டால், 34 × 30 = 1,020 ஆம்–இல்லை மாறிகள்தாம். கூகுள் இலவசமாக வழங்கும் ஓ.ஆர். டூல்ஸ் தொகுப்பின் சிபி-சாட் தீர்விக்கு (நிபந்தனைகளைக் கொடுத்தால் விடை தேடித் தரும் நிரல்) இது சிறிய வேலை. பைத்தான் நிரல்மொழியில் சில பத்து வரிகளில் எழுதிவிடலாம்.

எழுதுவதற்கு முன் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு பேராசிரியர் 8 பேருக்கு நெறியாளர், இன்னும் 6 குழுக்களில் உறுப்பினர் என்றால் அவருக்கு 14 வேளைகள் வேண்டும். அவர் 11 வேளைகளை மட்டுமே கொடுத்திருந்தால் எந்தத் தீர்வியாலும் பயனில்லை. அவரிடம் பேச வேண்டியதுதான்.

அட்டவணையை அறிவித்த பின் யாரேனும் மாற்றம் கேட்டால், முழுவதையும் புதிதாகக் கணக்கிடாதீர்கள். ஏற்கெனவே அறிவித்த கூட்டங்களில் எத்தனை குறைவாக நகர்த்த முடியுமோ அத்தனை குறைவாக நகர்த்து என்பதையே இலக்காகக் கொடுங்கள். அந்த ஆய்வாளருக்கு நேர்ந்ததைத் தடுக்கும் வழி இதுவே.

மறுமொழி 2: கல்லூரி அலுவலகப் பணியாளர்

நிரலைவிட அதற்குள் செல்லும் தகவல்தான் எனக்குக் கவலை தருகிறது. ஒரு பேராசிரியரின் நாள்காட்டி வெறுமையாக இருப்பதால் அவர் ஓய்வாக இருக்கிறார் என்று பொருளாகாது. வகுப்பு, தேர்வுப் பணி, மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நாள் ஆகியவற்றைப் பலர் அதில் பதிவதே இல்லை. எனவே கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் 30 வேளைகளைப் பட்டியலிட்டு எப்போது வர இயலும் என்று கேட்டால், மூத்தவர்கள் மூன்றைக் குறித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். எப்போது வர இயலாது என்று கேளுங்கள். குறிக்காத வேளைகளெல்லாம் துறைக்குரியவை என்பதைப் படிவத்திலேயே தெளிவாக எழுதிவிடுங்கள். பதில்களைப் பிறர் காணாதவாறு வைப்பதும் நல்லது. துறைத்தலைவர் குறித்ததைப் பார்த்து, இளைய ஆசிரியர்கள் தமக்கு உண்மையில் இயலாத நேரத்துக்கும் ஒப்புக்கொள்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

படிவத்துக்கு மூன்று நாள் கெடு போதும். நீளவிட்டால் முதலில் பதில் தந்தவரின் வேளைகள் அதற்குள் வேறு பணிகளால் நிரம்பிவிடும்.

மறுமொழி 3: டொராண்டோ வாசகர்

வெளிநாட்டு உறுப்பினரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இந்தியாவில் பருவத்துக்கேற்பக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்பின் மாற்றுவதில்லை. இங்கே மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் மாற்றுகிறோம். உங்கள் காலை 8.30 மணி, எங்களுக்குக் கோடையில் முந்தைய நாள் இரவு 11 மணி, குளிர்காலத்தில் இரவு 10 மணி. செவ்வாய் காலை என்று செய்தி அனுப்பினால், அவர் திங்கள் இரவே அமர வேண்டும் என்பது எளிதில் விடுபட்டுப் போகும். ஆகவே மணி வேறுபாட்டைக் கையால் கூட்டிக் கழிக்காமல், இந்திய நேரத்தைக் குறிக்கும் ஆசியா/கொல்கத்தா என்ற நேர மண்டலப் பெயருடன் நாள்காட்டி அழைப்பாக அனுப்புங்கள். அவருடைய நாள்காட்டி சரியான நாளையும் மணியையும் காட்டும். நேரத்தை மாற்றும்போது புதிய அழைப்பை உருவாக்காமல் பழைய அழைப்பையே திருத்துங்கள். இல்லையேல் இரண்டும் அவருடைய நாள்காட்டியில் நிற்கும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முதலில் அந்தக் கணக்கைப் போட்டேன். இருவருக்கு வேளைகள் போதவில்லை. ஒருவர் புதன் பிற்பகலைத் திறந்துவிட்டார், மற்றவரின் இரண்டு குழுக்களில் மாற்று உறுப்பினரை நியமிக்கத் துறைத்தலைவர் இசைந்தார். பிறகு எங்கள் கணினித் துறை மாணவர் எழுதிய நிரல் சில நொடிகளில் 34 கூட்டங்களுக்கும் இடம் கண்டது. வெளியூர்ப் பகுதிநேர ஆய்வாளர்கள் எவருக்கும் நாளின் முதல் வேளை வரக்கூடாது என்று ஒரு நிபந்தனையை நானே சேர்த்தேன். அதையும் மீறாமல் அட்டவணை அமைந்துவிட்டது.