கருமுட்டையை உறையவைத்தால் ஜீன் மாறிப்போகுமா?

சாட்ஸ்வொர்த் பொண்ணு:
வணக்கம். டர்பன்ல இருக்கேன், வயசு 34. அடுத்த மாசம் கருமுட்டை எடுத்து உறையவைக்கலாம்னு இருக்கேன். அம்மாவுக்கு மனசே இல்ல. "ஃப்ரீசர்ல வச்ச ஷாட் மீனே ருசி மாறுது, புள்ள மாறாதா?"ங்கறாங்க. சிரிச்சுட்டேன், ஆனா ராத்திரி தூக்கம் வரல. ஜீன் வேலை செய்யற விதம் மாறுமா?

லேப் அக்கா:
தங்கச்சி, ஐவிஎஃப் (சோதனைக்குழாய் கருத்தரிப்பு) லேப்ல 11 வருஷம் இருந்தவ நான். அம்மா கேட்டது நல்ல கேள்வி. மீனைக் கெடுக்கறது ஐஸ் படிகம். இப்போ செய்யற விட்ரிஃபிகேஷன்ல, அதாவது மின்னல் வேகத்துல உறையவைக்கற முறையில, முட்டை கண்ணாடியா இறுகிடும், படிகம் கட்ட நேரமே கிடைக்காது. அப்புறம் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன்ல கிடக்கும். கவலை வேற இடத்துல. ஜீன் சொல்ற வேலையை செல்லுக்கு எடுத்துட்டுப் போற நகல்தான் ஆர்என்ஏ. முதிர்ந்த முட்டை புதுசா ஆர்என்ஏ தயாரிக்கறது ஏறக்குறைய நின்னுபோயிருக்கும். ஏற்கெனவே சேர்த்துவச்சதை வச்சுத்தான் கரு நாலு, எட்டு செல் வரைக்கும் ஓடணும். உறையவச்சா அந்த இருப்புல சில ஜீன்களோட ஆர்என்ஏ அளவு மாறுதுன்னு ஆய்வுகள் காட்டியிருக்கு. ஜீன்களைச் சுமக்கற குரோமோசோமைப் பிடிச்சிருக்கற நூல்களும் குளிர்ல கலையும், சூடேத்தினா மறுபடி ஒண்ணுசேரும். அதுக்காகவே விந்தணுவை ஊசியால ஏத்தறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் காத்திருப்போம்.

பீனிக்ஸ் அண்ணன்:
பிறந்த குழந்தைங்களையும் பாருங்கம்மா. 2009ல உறையவச்ச முட்டையிலிருந்து பிறந்த 900க்கு மேற்பட்டவங்களைத் தொகுத்துப் பார்த்தாங்க, பிறவிக் குறை கூடினதா தெரியல. 2012ல அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் முட்டை உறையவைக்கறதுக்கு இருந்த "சோதனை முறை"ங்கற முத்திரையை நீக்கிடுச்சு.

சாட்ஸ்வொர்த் பொண்ணு:
அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். "அப்போ மீனையும் அப்படியே வைக்கச் சொல்லு"ங்கறாங்க.