பழைய ஃபைல் சர்வரை ஹைப்பர்-விக்கு மாற்றுவது எப்படி?

குன்னூர்க்காரன்:
தேயிலை ஆபீஸில் விண்டோஸ் 2012 ஆர்2 ஃபைல் சர்வர் இன்னும் ஓடுகிறது. மழைக்காலம் வந்தால் கரண்ட் போய்ப் போய் வருகிறது, ஹார்டுடிஸ்க் எப்போது போகுமோ தெரியாது. புது மெஷினில் ஹைப்பர்-வி (ஒரே மெஷினுக்குள் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்) ரெடி. பழையதை அப்படியே தூக்கி வைக்கலாமா?

கோத்தகிரி_நெட்:
வைக்கலாம். மைக்ரோசாஃப்டின் டிஸ்க்2விஎச்டி என்ற கருவி இலவசம், சர்வர் ஓடும்போதே அதன் டிஸ்கை மெய்நிகர் டிஸ்க் ஃபைலாகக் காப்பி எடுக்கும். ஆனால் ஆட்கள் கிளம்பிய பிறகு ஓட்டுங்கள், இல்லையென்றால் இடையில் சேமித்தவை விடுபடும். அந்த ஃபைலை விஎச்டிஎக்ஸ் வடிவில், வெளி டிஸ்கில் எழுதுங்கள். பழைய வடிவமான விஎச்டி சுமார் 2 டிபி வரைதான் தாங்கும். பழைய மெஷின் பயாஸில் (கணினியை எழுப்பும் பழைய முறை) பூட் ஆவதென்றால் விஎம் (மெய்நிகர் கணினி) ஜெனரேஷன் 1தான், 2 போட்டால் எழுந்திருக்காது.

மலைவாசி:
2012 ஆர்2வுக்கு வழக்கமான அப்டேட் 2023 அக்டோபரோடு நின்றாச்சு, அந்தக் குப்பையை எதற்குச் சுமக்கணும்? புது விஎம்மில் 2022 போட்டு ரோபோகாப்பியில் (விண்டோஸோடு வரும் காப்பி கட்டளை) ஃபைல்களை அனுமதிகளோடு கொண்டுவாருங்கள். நெட்வொர்க் வழியாகத் திறப்பதற்கான ஷேர் அனுமதி மட்டும் அதோடு வராது, அதைத் தனியாக அமைக்கணும்.

குன்னூர்க்காரன்:
அதே பெயர், ஐபி வைத்தால் எல்லோருடைய மேப் டிரைவும் (சர்வர் ஃபோல்டரை டிரைவாகக் காட்டும் இணைப்பு) ஓடுமா?

கோத்தகிரி_நெட்:
ஷேர் பெயர்களும் அதேதான் என்றால் ஓடும், பழையதை நெட்வொர்க்கிலிருந்து கழற்றிய பிறகு. அப்புறம் செக்பாயின்ட்டை (விஎம்மின் அந்த நேர நிலையைப் பதியும் வசதி) பேக்கப் என்று நம்பாதீர்கள். ஹோஸ்டுக்கு (ஹைப்பர்-வி ஓடும் மெஷினுக்கு) நல்ல யுபிஎஸ் அவசியம்.