கொடுவாக் குஞ்சுகளைக் குறுணைத் தீனிக்குப் பழக்கிய அனுபவங்கள்

சீனக்குடாவிலிருந்து:

கொடுவா மீன் வளர்ப்பில் புதிதாக இறங்குகிறவர்கள் எந்தத் தீனி நல்லது, மூட்டை என்ன விலை என்றே முதலில் விசாரிக்கிறார்கள். குஞ்சு அந்தத் தீனியை ஏற்றுக்கொள்ளும் வரையிலான ஒன்றிரண்டு வாரங்களைப் பற்றி எவரும் கேட்பதில்லை. நான் கண்டவரை குஞ்சுகள் அதிகமாகப் பறிபோவது அந்த நாட்களிலேதான் என்பதால், அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கொடுவா பிறவியிலேயே வேட்டை மீன். பொரிப்பகத்தில் முதலில் ரொட்டிபர் என்ற நுண்ணிய நீருயிரையும் பின்னர் ஆர்ட்டீமியா என்ற மிகச் சிறிய உப்புநீர் உயிரையும் துரத்திப் பிடித்தே அது வளர்கிறது. ஆகையால் அசையாமல் அடியில் கிடக்கும் தீனியைத் திரும்பியும் பார்க்காது, மேலிருந்து மெல்ல அமிழ்ந்து வரும் குறுணையையே (சிறு மணிகளாகச் செய்த உலர் தீனி) பாய்ந்து கவ்வும். கவ்வியதை எல்லாம் விழுங்கிவிட்டது என்றும் எண்ணக்கூடாது. தொட்டியின் ஓரத்தில் குனிந்து பார்த்தால், குறுணையை வாய்க்குள் இழுத்து, ஒரு கணம் செவுளை அசைத்து, அப்படியே துப்பிவிடுவது தெரியும். துப்புகிற குஞ்சுகள் அதிகமாக இருந்தால் குறுணை அவற்றின் வாய்க்குப் பெரிதாக இருக்கிறது, அல்லது காய்ந்து கடினமாக இருக்கிறது என்று பொருள்.

நாங்கள் சூடை மீனை முள் நீக்கி அரைத்து, தீனித் தூளுடன் பிசைந்து, சிறு சிறு சிட்டிகையாகத் தூவித் தொடங்குகிறோம். மீன் விழுதின் பங்கை ஒரு வாரம் முதல் பத்து நாட்களுக்குள் படிப்படியாகக் குறைத்து, கடைசியில் மீன் எண்ணெய் தடவிய குறுணையை மட்டும் கொடுக்கிறோம். இந்த நாட்களில் தினமும் 4 முதல் 6 வேளை, ஒவ்வொரு வேளையும் கொஞ்சமாக, அதுவும் ஒரே மூலையில் ஒரே ஆளின் கையால் போட வேண்டும். விடியற்காலையிலும் அந்திப்பொழுதிலும் குஞ்சுகள் மிக ஆர்வமாக மேலே வருவதால், புதிய தீனியை அந்த வேளைகளில் கொடுத்துப் பார்ப்பது நல்லது.

இரண்டு நாள் பட்டினி போட்டால் தானாகத் தின்னும் என்று சிலர் சொல்லும் ஆலோசனையை நான் முற்றாக மறுக்கிறேன். பசித்த கொடுவா தன் நீளத்தில் ஏறத்தாழ 60 வீதம் வரையுள்ள உடன்பிறப்பையும் விழுங்கிவிடும். வாலொன்று வாய்க்கு வெளியே துடித்துக்கொண்டிருக்க, விழுங்கவும் முடியாமல் உமிழவும் முடியாமல் இரண்டும் சேர்ந்து செத்துப்போவதைப் பார்த்தவர்கள் பட்டினியைப் பற்றிப் பேசமாட்டார்கள். தீனியை முதலில் பழகிக்கொண்ட குஞ்சுகள் சில நாட்களிலேயே மற்றவற்றைவிடப் பருத்துவிடுவதால், 3 முதல் 5 நாட்களுக்கு ஒருமுறை அளவு பார்த்துப் பிரிப்பதை ஒருபோதும் தள்ளிப்போடக் கூடாது. உடல் கறுத்து, வயிறு ஒட்டி, வலையின் ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் குஞ்சுகளை நோயாளிகள் என்று கழித்துவிடுகிறார்கள். பெரியவற்றிலிருந்து பிரித்து, இந்த மெலிந்த குஞ்சுகளை வேறு தொட்டியில் விட்டு, மறுபடியும் மீன் விழுதிலிருந்து தொடங்கினால் அவற்றில் கணிசமானவை தேறிவிடும்.

கிண்ணியாவிலிருந்து:

அண்ணன் எழுதியவை பொரிப்பகக் குஞ்சுகளுக்கு முழுமையாகப் பொருந்தும். தம்பலகாமக் குடாப் பக்கம் களப்பில் பிடித்த குஞ்சுகளை வாங்கி விடுகிறவர்களும் இருக்கிறார்கள். உயிருள்ள இறாலையும் சிறு மீனையும் தின்று பழகிய அந்தக் குஞ்சுகள் எளிதில் இணங்குவதில்லை. பிடிக்கும்போது உண்டான காயம் ஆறும் வரை பொறுத்து, அதன் பிறகே பழக்கத் தொடங்க வேண்டும். வடகீழ்ப் பருவ மழை கொட்டும் நாட்களில் இதைத் தொடங்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். உப்பு குறைவதைக் கொடுவா தாங்கும், அது நன்னீரிலும் வாழக்கூடிய மீன். ஆனால் கண்ணால் பார்த்து இரை பிடிப்பதால், வெள்ளம் இறங்கி நீர் கலங்கிவிட்டால் கண்முன்னே விழும் குறுணையும் அதற்குத் தெரியாமல் போகிறது.

மூதூரிலிருந்து:

கழிவு மீன் (மனிதர் உணவுக்கு விலைபோகாத சிறு மீன்) மலிவாகக் கிடைக்கும்போது குறுணைக்கு ஏன் மாற வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் கேட்கிறார்கள். ஒரு கிலோ கொடுவாவுக்குக் கழிவு மீன் 5 கிலோவுக்கு மேல் செலவாகிறது. நல்ல பராமரிப்பில் உலர் தீனி 2 கிலோவுக்குள் அடங்கிவிடும். அத்துடன் சூடை போன்ற மீன்களில் வைட்டமின் பி1ஐச் சிதைக்கும் நொதி இருப்பதால், அவற்றையே பச்சையாக நெடுநாள் கொடுத்துவருவது குஞ்சுகளுக்குக் கேடு. இவ்வளவையும் விளக்கிய பிறகும் ஒருவர் கேட்ட கேள்விக்கு எனக்கு விடை தேவைப்படுகிறது: சிறு குறுணையிலிருந்து அடுத்த அளவுக்கு மாற்றும்போது குஞ்சுகள் மீண்டும் துப்பத் தொடங்கினால் என்ன செய்வது?

சீனக்குடாவிலிருந்து:

ஒரேயடியாக மாற்றாதீர்கள், தம்பி. பழைய அளவில் முக்கால் பங்கும் புதிய அளவில் கால் பங்கும் கலந்து தொடங்கி, துப்புவது குறையக் குறையப் புதியதைக் கூட்டுங்கள். கூட்டத்தில் மிகச் சிறிய குஞ்சின் வாயைப் பார்த்தே குறுணையின் அளவை முடிவு செய்யுங்கள். பெரியவை சிறு குறுணையையும் தின்றுவிடும், சிறியவற்றால் பெரிய குறுணையைத் தின்ன முடியாது.